மெஷின் நேரத்தைத் தின்றது யார்?

கனகேஸ்வரி பாசாருக்கு வந்தாலே மீன்காரர்கள் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணை அமுக்கிப் பார்ப்பாள், தராசுத் தட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவியும் பார்ப்பாள். ஒன்றும் அகப்படாவிட்டால் நிம்மதி வருமா என்றால் அதுவும் கிடையாது. “இன்னிக்கு எங்கயோ விளையாடுறான்” என்று முணுமுணுத்துக்கொண்டே காசைக் கொடுப்பாள். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வேலைக்கு வருகிறவள், ஒரு நாள் படகுக்காரனைக் கூப்பிட்டு, கூரையில் கட்டியிருக்கும் மிதவை நிஜமாகவே மிதக்குமா, யாராவது போட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டாளாம். அவன் என்ன சொல்லுவான், பாவம்.

அவள் கணவர் அப்புத்துரை செபராங் ஜெயாவில் பள்ளிக்கூட வாத்தியார். “கலியாணத்துக்கு முன்னாடியே என் சர்டிபிகேட்டை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தவ இவ” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள். நடந்ததைச் சொன்னால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் பார்ப்பாள். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று காரணம் தேடிக் கதை கட்ட வேண்டாம். சிலருக்குச் சுருட்டை முடி, சிலருக்குச் சந்தேகம்.

இப்படிப்பட்டவளைத்தான் பினாங்குத் தீவிலிருந்த பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் சென்டரில், மெஷின் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வைத்தவர் கெட்டிக்காரர்தான். எண்பதுகளின் தொடக்கம் அது. மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே மெஷின். சம்பளக் கணக்கு, பரீட்சை முடிவு, ஆராய்ச்சி எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். வேலை கொண்டுவருகிறவர்கள், அது முடிய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்ன நேரம் தாண்டினால் மெஷின் ஈவு இரக்கம் பார்க்காது. பாதி வேலையைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு அடுத்த வேலையை எடுத்துக்கொள்ளும். எறியப்பட்டதை மறுபடியும் முதலிலிருந்துதான் ஓட்ட வேண்டும்.

அதற்குப் பயந்து ஆளாளுக்குப் பொய் சொன்னார்கள். ஒரு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் கேட்டார்கள். கனகேஸ்வரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து அத்தனை பேருடைய பொய்யையும் வெட்டினாள். போதாததற்கு ஒரு சட்டமும் போட்டாள். முழு வேலை ஓட்டுவதற்கு முன்னால், சின்னதாக ஒரு டெஸ்ட் ஓட்டி, அதை வைத்துத்தான் நேரம் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அந்த டெஸ்டும் அவள் கண்முன்னால் நடக்க வேண்டும். கெமிஸ்ட்ரிக்காரர் ஒருவர் டெஸ்ட், டெஸ்ட் என்று சொல்லியே தன் ஆராய்ச்சி முழுவதையும் முடித்துவிட்டுப் போனதைக் கண்டுபிடித்த பிறகு, டெஸ்டுக்கான நேரத்தையும் ஒரு டீ ஆறுகிற பொழுதாகக் குறைத்துவிட்டாள். இனி ஒருவனும் என் காதில் பூச்சுற்ற முடியாது என்று அவளுக்குப் பெரிய திருப்தி.

மெஷினை ஓட்டுகிறவன் பெர்னார்ட். தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பையன். ‘பையன்’ என்பது கனகேஸ்வரி வாயில் வருகிற சொல். அவனுக்குக் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வருடா வருடம் மேலதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் உண்டு. ஏழு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி மார்த்தா பலகாரம் செய்தால் கனகேஸ்வரிக்கென்று தனியாக ஒரு டப்பா வரும். அவளும் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுவாள். அவள் அகராதியில் அது பெரிய நட்பு.

டாக்டர் அலாவுதீன் வந்த பிறகுதான் எல்லாம் குழம்பியது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகன். வெளிநாட்டில் பௌதிகம் படித்துவிட்டுத் திரும்பியிருந்தார். கையில் ஒரு பெட்டி நிறையக் காந்த டேப்புகள்.

“இதுல என்ன இருக்கு டாக்டர்?” என்றாள் கனகேஸ்வரி. வெடிகுண்டு இருக்குமோ என்கிற மாதிரிதான் கேட்டாள்.

“ரெண்டு துகளை ரொம்ப வேகமா மோத விடுவாங்க, மிஸஸ் அப்புத்துரை. மோதினா உடைஞ்சு சிதறும். சிதறின ஒவ்வொண்ணும் போன வழியெல்லாம் புள்ளி புள்ளியாத் தடம் விட்டுட்டுப் போகும். அந்தப் புள்ளிங்கதான் இந்த டேப்புல இருக்கு. எந்தப் புள்ளிக்கு எந்தப் புள்ளி ஜோடின்னு பாத்துக் கோடு போடறதுதான் நம்ம மெஷின் வேலை.”

“ஒரு டேப்புல எத்தனை மோதல்?”

“ஆயிரக்கணக்குல.”

“அப்ப நேரத்தை எப்படி லா முன்னாடியே சொல்லுவீங்க?”

“டெஸ்டுல கொஞ்சம் மோதலை மட்டும் ஓட்டுவோம். ஒண்ணுக்கு இவ்வளவு நேரம்னு தெரிஞ்சா மொத்தத்தால பெருக்கிட வேண்டியதுதானே.” கொஞ்சம் தயங்கினார். “டெஸ்டுக்கு இன்னும் கொஞ்சம் கூட நேரம் கிடைச்சா நல்லாருக்கும். டேப்பைச் சுத்தி உள்ள தள்ளிப் போயும் பாக்கலாம்னு.”

“டெஸ்ட்னா டெஸ்ட்தான், டாக்டர். கெமிஸ்ட்ரிக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம் வைக்க முடியாது.”

அவர் அதற்குமேல் வாதாடவில்லை. டெஸ்ட் அவள் கண்முன்னால் ஓடியது. பெருக்கிப் பார்த்தார்கள். சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். மதியத்துக்கு மேல் மெஷின் சும்மா இருக்கும். அந்தப் பொழுதிலேயே தாராளமாக முடிந்துவிடும் என்று கணக்கு சொன்னது. கனகேஸ்வரிக்கு அதுவே உறுத்தியது. கூடக் கேட்கிறவர்களைத்தான் இத்தனை நாள் பார்த்திருக்கிறாள். குறைத்துக் கேட்கிற மனிதனை இப்போதுதான் பார்க்கிறாள். இதில் என்ன சூது என்று டெஸ்ட் முடிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தன் சட்டம், தன் கண்ணால் பார்த்த டெஸ்ட். சரி, போகட்டும் என்று சனிக்கிழமை மதியத்தைக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், வேலை முடியவில்லை. நேரம் தாண்டிவிட்டது என்று மெஷின் தூக்கி எறிந்திருந்தது. சனிக்கிழமை பணியில் இருந்தவன் பெர்னார்ட்.

“என்னடா ஆச்சு?”

“தெரியலக்கா. ஓடிக்கிட்டே இருந்துச்சு. டைம் ஆச்சு, தூக்கிப் போட்டுருச்சு.”

டாக்டர் வேறொரு டேப்பைக் கொண்டுவந்தார். மறுபடியும் டெஸ்ட், மறுபடியும் அதே கணக்கு. அடுத்த சனிக்கிழமையும் மெஷின் தூக்கி எறிந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை மூன்றாவது டேப்பையும்தான்.

கனகேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. டெஸ்ட் பொய் சொல்லாது. அவளே பக்கத்தில் நின்று பார்த்தது. கணக்கு பொய் சொல்லாது. அவளே பெருக்கிப் பார்த்தது. அப்படியானால் மதியப் பொழுதில் பாதி எங்கே போனது? நேரம் என்ன, கற்பூரமா காற்றில் கரைய? யாரோ தின்றிருக்கிறார்கள். அந்த மெஷின், வேலை தொடங்கியதிலிருந்து சுவர்க் கடிகாரம் மாதிரி நிற்காமல் நேரத்தை எண்ணிக்கொண்டே போகும். ஒரு வேலை ஓடும்போது நடுவில் இன்னொன்றை நுழைத்தால், முதல் வேலையின் கடிகாரமும் சேர்ந்தே ஓடும். சனிக்கிழமை மதியம் அந்த அறைக்குள் இருந்தவன் ஒருவன்தான்.

அப்படி நினைக்க ஆரம்பித்ததுமே எல்லாம் கோர்வையாக வந்து உட்கார்ந்துகொண்டது. பெர்னார்டுக்கு நாலு நம்பர் லாட்டரி எடுக்கிற பழக்கம் உண்டு. பினாங்கில் யாருக்குத்தான் இல்லை? நடுரோட்டில் காடி மோதிக் கிடந்தால் அடிபட்டவனைப் பார்க்குமுன் நம்பர் பிளேட்டைப் பார்க்கிற ஊர் அது. ஆனால் பெர்னார்ட் எடுப்பது சனிக்கிழமைக் குலுக்கலுக்கு. சனிக்கிழமை! கடைக்குப் போன் போட்டு நம்பர் சொல்வதை அவளே காதால் கேட்டிருக்கிறாள். போன மாதம் ஏதோ சின்னப் பரிசு விழுந்தது என்று எல்லோருக்கும் நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்தானே, அது எப்படி விழுந்தது? பழைய நம்பரையெல்லாம் மெஷினுக்குள் போட்டு, அடுத்தது எது என்று தேடச் சொல்கிறான். ஆயிரம் ரூபம் எடுத்தாலும் கனகேஸ்வரி கண்ணுக்குத் தப்ப முடியுமா!

அவனைப் பார்க்கிற பார்வையே மாறிப்போயிற்று. அவன் சீட்டியடித்தால், எதை மறைக்க அடிக்கிறான்? அடிக்காவிட்டால், ஏன் பேச்சு மூச்சில்லை? மார்த்தாவின் முறுக்கு வந்தது. வாயடைக்கத்தான் கொடுத்து விடுகிறார்கள் என்று டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

“வயிறு சரியில்லையா அக்கா?” என்று கேட்டான் அவன்.

“ஆமா” என்றாள்.

அவனை உட்கார வைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவான் என்று கேட்கவில்லை. நேராக மேலதிகாரி ரொஸ்னாவிடம் போனாள். ஆபீசில் எல்லோருக்கும் அவர் ‘புவான்’, மலாயில் அம்மா என்பது மாதிரி மரியாதைச் சொல். ரொஸ்னா நிதானமான மனுஷி, அதிகம் பேசமாட்டார். பெர்னார்டின் அடுத்த வருட வேலைக்கான கடிதம் அப்போது அவர் மேஜையில்தான் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“நிச்சயமாத் தெரியுமா?” என்று மலாயில் கேட்டார்.

“வேற யாரும் உள்ள இல்ல, புவான். நேரம் போயிருக்கு. வேற எப்படிப் போகும்?”

ரொஸ்னா பேனாவை மூடி வைத்துவிட்டார். விவரம் தெரிகிறவரை பெர்னார்ட் மெஷின் அறைக்குள் போகக்கூடாது, கீழே ஸ்டோரில் பேப்பர்க் கட்டு எடுத்துக் கொடுக்கட்டும் என்றார். உண்மை என்றால் கையெழுத்துக் கிடையாது.

சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது பெர்னார்டின் முகத்தில் ரத்தமே இல்லை.

“அக்கா, நான் என்ன செஞ்சேன்? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க. மார்த்தாகிட்ட என்னன்னு சொல்றது?”

“உனக்கே தெரியும்” என்றாள் கனகேஸ்வரி, தலையை நிமிர்த்தாமல்.

அடுத்த சனிக்கிழமை அவளே மெஷின் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். அந்த மூன்றாவது டேப்பையே தன் கையால் மாட்டினாள். ஓட்டும் வேலையும் அவளுக்குத் தெரியும், அதில்தான் சேர்ந்தாள். இன்று வேலை சொன்ன நேரத்துக்குள் முடிந்துவிடும், அதோடு பெர்னார்டின் திருட்டு வெட்ட வெளிச்சமாகிவிடும். அறையின் ஏர்கான் குளிருக்கு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கொண்டுவந்த இட்லியைக்கூடப் பிரிக்காமல், மெஷினையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டேப் சுற்றியது. முடிய வேண்டிய நேரம் நெருங்கியது. முடியவில்லை. பாதிகூடத் தாண்டவில்லை என்று திரை சொன்னது. வேறு ஏதாவது வேலை ஓடுகிறதா என்று பார்த்தாள், இல்லை. கதவை இழுத்துப் பார்த்தாள், பூட்டித்தான் இருந்தது. மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் கண்முன்னாலேயே நேரம் தாண்டி, மெஷின் வேலையைத் தூக்கி எறிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்கு அதே யோசனை. பெர்னார்ட் திருடவில்லை என்று மனம் ஒரு பக்கம் சொன்னது. இல்லை, போவதற்கு முன்னால் மெஷினுக்குள் எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று இன்னொரு பக்கம் சொன்னது. வெட்கமாக இருந்தாலும், அவள் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

திங்கட்கிழமை ரொஸ்னா கூப்பிட்டு அனுப்பினார். நடந்ததைச் சொன்னாள்.

“சனிக்கிழமை உள்ள இருந்தது யாரு?”

“நான்தான், புவான்.”

“வேற யாராவது?”

“யாரும் இல்ல. கதவைப் பூட்டியிருந்தேன்.”

“நேரம் போயிருக்கு. வேற யாரும் இல்ல. அப்ப எப்படிப் போச்சு, கனகேஸ்?”

அவளுடைய வார்த்தைகள்தான். அப்படியே திரும்பி வந்து நெஞ்சில் குத்தின. “புவான், நான் அப்படியெல்லாம்...” என்று தொடங்கினாள். அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை என்று எதை வைத்துக் காட்டுவது? பத்து வருடம் இந்த அலுவலகத்துக்கு உழைத்தவளிடம் அதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ரொஸ்னா ஸ்டோருக்குப் போன் செய்தார். பெர்னார்ட் படியேறி வந்தான். ஒரு வாரத்தில் இளைத்திருந்தான். சட்டையெல்லாம் பேப்பர்த் தூசி.

“பெர்னார்ட், சனிக்கிழமை மறுபடியும் நேரம் போயிருக்கு. மெஷினை ஓட்டினது கனகேஸ்தான். அந்த மெஷினைப் பத்தி உனக்குத் தெரியும். இவங்க நடுவுல எதையாவது நுழைச்சிருக்க முடியுமா?”

கனகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். முடியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தப்பித்துவிடுவான். முடியுமா, முடியாதா என்று கேட்டால் முடியும் என்பதுதான் உண்மையும்கூட.

“செய்யமாட்டாங்க, புவான்” என்றான் பெர்னார்ட்.

“முடியுமான்னுதான் கேட்டேன்.”

“முடியும். ஆனா அக்கா செய்யமாட்டாங்க லா. ஏழு வருஷமாப் பக்கத்துல இருந்து பாக்குறேன், எனக்குத் தெரியாதா?”

கனகேஸ்வரிக்குக் கண்ணைத் திறக்கத் துணிவில்லை. அதே ஏழு வருடம் அவளும்தான் பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

அன்று மத்தியானமே டாக்டர் அலாவுதீன் கனகேஸ்வரியையும் அழைத்துக்கொண்டு மூச்சு வாங்க ரொஸ்னாவின் அறைக்கு வந்தார். மூன்று டேப்பும் ஒரே மாதிரி தவறினால் தவறு தன் கணக்கில்தான் இருக்க வேண்டும் என்று, டேப் அனுப்பியவர்களுக்குத் தந்தி அடித்துக் கேட்டிருக்கிறார். பதில் வந்திருந்தது. ஒவ்வொரு டேப்பையும் ஓடவிட்டுவிட்டுத்தான் அங்கே துகள்களின் வேகத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுவார்களாம். டேப்பின் தொடக்கத்தில் இருப்பதெல்லாம் சோப்ளாங்கி மோதல்கள். நாலைந்து கோடுதான் இருக்கும். உள்ளே போகப் போக ஒரு மோதலிலேயே கொத்துக் கொத்தாகக் கோடுகள். இரண்டு மடங்கு கோடு என்றால், எது எதற்கு ஜோடி என்று பார்க்க மெஷினுக்கு இரண்டு மடங்கு நேரம் போதாது, பல மடங்கு பிடிக்கும்.

“டெஸ்டுல நாங்க பாத்ததெல்லாம் டேப்போட முன்பக்கம் மட்டும்தான். அதை வச்சுப் பெருக்கினா எப்படிச் சரியா வரும்? தப்பு என்னுதுதான், புவான். நடுவுலயும் கடைசியிலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பாத்திருக்கணும்.”

“ஏன் பாக்கல?” என்றார் ரொஸ்னா.

டாக்டர் கனகேஸ்வரியை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். நல்ல மனிதர், அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“நான் விடல, புவான்” என்றாள் கனகேஸ்வரி. “கேட்டார். டேப்பை நடுப்பக்கம் வரைக்கும் சுத்துறதுக்குள்ளயே நான் குடுத்த டெஸ்ட் டைம் முடிஞ்சிரும். எல்லாரும் ஏமாத்துறாங்கன்னு நான் போட்ட சட்டம் அது. பெர்னார்ட் எதையும் தொடல. யாரும் எதையும் தொடல.”

ரொஸ்னா பேனாவைத் திறந்து, அவள் முன்னாலேயே பெர்னார்டின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கடிதத்தைத் தானே எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கிப் போனாள். பெர்னார்ட் பேப்பர்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“பெர்னார்ட், நான் பண்ணது பெரிய பாவம். என்னை மன்னிச்சிரு. வா, சாவியை வாங்கிக்கோ.”

அவன் கடிதத்தை வாங்கிப் படித்தான். முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை.

“வேணாம்க்கா. புவான்கிட்ட கேட்டு இங்கயே இருந்துக்கிறேன்.”

“என் மேல கோவமா?”

“கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல.” கட்டின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தான். “ஆனா அந்த ரூமுக்குள்ள வந்தா, இனிமே ஒவ்வொரு பட்டனை அமுக்கும்போதும் நீங்க என்ன நினைப்பீங்கன்னுதான் யோசிப்பேன். அப்படி வேல பாக்க முடியாதுக்கா. இங்க வெறும் பேப்பர்தானே. நிம்மதியா இருக்கு.”

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் சிரித்துச் சிரித்தே மறுத்துவிட்டான். அந்தச் சிரிப்பில் பழைய பெர்னார்ட் இல்லை. மார்த்தாவின் டப்பா அதற்குப் பிறகு ஒரு நாளும் வரவில்லை.

டெஸ்ட் சட்டத்தை அவளே மாற்றினாள். டாக்டர் அலாவுதீன் டேப்பின் முன்பக்கம், நடுப்பக்கம், கடைசி என்று எல்லா இடத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, கோடு குறைந்ததற்கு ஒரு நேரம், கூடியதற்கு ஒரு நேரம் என்று பிரித்துக் கணக்குப் போட்டார். இந்த முறை ஒரு முழுச் சனிக்கிழமை கேட்டார். கனகேஸ்வரி ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தாள்.

மெஷினுக்குப் புதிதாக வந்தவர் சிக்கந்தர் பாய். அவளைவிட மூத்தவர், துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அந்தச் சனிக்கிழமை காலை அவர் டேப்பை மாட்டி, மேஜை முன்னால் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். கனகேஸ்வரி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எதற்கு நிற்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சிக்கந்தர் பாய் திரும்பிப் பார்த்து, பாவம், என்ன தப்புச் செய்தோமோ என்று நினைத்தாரோ என்னவோ, மேஜையில் இருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நேரமும் அந்த மனிதரின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பெர்னார்ட் சொன்னது இதைத்தான்.

“நீங்க பாத்துக்குங்க, அண்ணே” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கால் திரும்பி உள்ளே போகத்தான் துடித்தது. போகவில்லை. கீழே இறங்கிக் கேன்டீனுக்குப் போய், எல்லோரும் பார்க்க ஒரு மேஜையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.